ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கம் குடியிருப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம். சென்னைக்குத் தெற்கே ஊரப்பாக்கத்தில், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மனை பார்த்திருக்கிறோம். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததிலிருந்து இந்தப் பக்கம் விலையைச் சொல்லவே வேண்டாம்!

சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அப்ரூவல் இருக்கிறது. முப்பது வருட வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சு, பட்டாவும் சரி. என் கவலை தண்ணீர்தான். புரோக்கர் "சொட்டுத் தண்ணி நிக்காது சார்" என்கிறார். ஆனால் பக்கத்து வீட்டு காம்பவுண்டு சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பழுப்பாக ஒரு கோடு ஓடுகிறது. மனையின் பின்பக்கம், ஈரம் தங்கும் இடத்தில் வளரும் கோரைப்புல் வேறு. 2015 வெள்ளத்தில் தாம்பரம் பக்கத்து முடிச்சூர் பட்ட பாட்டை நேரில் பார்த்தவன், அதனால் கேட்கிறேன்.

2015 வெள்ளத்திலும் மிக்ஜாம் புயலிலும் உங்கள் தெருவில் எவ்வளவு நேரம் தண்ணீர் நின்றது? அந்த இடம் முன்பு ஏரியாகவோ வாய்க்காலாகவோ இருந்ததா என்று பார்க்க, அ-பதிவேடும் (சர்வே எண்வாரியாக நிலத்தின் வகையைச் சொல்லும் கிராமக் கணக்கு) புலப்படமும் (அந்த சர்வே எண்ணின் அளவு வரைபடம்) போதுமா, இல்லை பழைய கிராம வரைபடமும் வாங்க வேண்டுமா? அப்புறம், கோடையில் போர் தண்ணீர் வருமா, லாரியை நம்பித்தான் இருக்க வேண்டுமா?

அடுத்த வாரம் அட்வான்ஸ் கேட்கிறார்கள். அதற்குள் யாராவது சொன்னால் நல்லது. தெருப் பெயரை இன்பாக்ஸில் தருகிறேன்.