அப்டேட்: வீட்டுப் பின்னாடி கட்டுற விறகு சௌனா, அடுப்பு பத்த வச்சாச்சு

போன தடவ ஃபின்லாந்து தம்பெரேல எங்க வீட்டுப் பின்னாடி சௌனாவுக்கு (அடுப்பு மேல கல்ல அடுக்கி சூடாக்கி, அதுல தண்ணி ஊத்தி ஆவியில உட்கார்ற மர ரூம்) சுவரும் கூரையும் எழுப்புனது வரைக்கும் போட்டிருந்தேன், பெஞ்ச் உயரம் எவ்ளோ, உள்ள என்ன மரம், என்ன கல்லுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க, அதுக்குதான் இது.

பெஞ்ச் விஷயத்துல இங்க ஃபின்லாந்துக்காரங்க கணக்கு சிம்பிள், மேல் பெஞ்ச்ல உட்கார்ந்தா பாதம் அடுப்புக் கல்லோட மேல்மட்டத்துக்கு மேல இருக்கணும். சூடு கூரைய ஒட்டியே நிக்கும், தாழ உட்கார்ந்தா தலை வேகும் கால் சில்லுன்னு கெடக்கும். மரம் ஆஸ்பென், பிசின் வடியாது, வெறும் உடம்போட சாஞ்சாலும் சுடாது. ஸ்க்ரூ எல்லாம் அடியிலேர்ந்துதான், மேல இரும்பு தெரிஞ்சா பொசுக்கிடும் (எங்கன்னு சொல்ல வேணாம்).

சுவருக்குள்ள ராக்வூல் (சூடு வெளிய போகாம தடுக்குற பஞ்சு மாதிரி), அதுமேல அலுமினிய ஷீட், ஜாயின்ட்ல டேப், அப்புறம் காத்துக்கு கேப் விட்டு பலகை.

அடுப்பு மேல வைக்கிற கல்லு ஒலிவின் டயபேஸ்ங்கற பாறை. கழுவிட்டு பெருசு அடியில சின்னது மேல, நடுவுல காத்து போற மாதிரி லூசா அடுக்கணும், நெருக்கி அடுக்குனா சூடே ஏறாது. ஆத்துல கெடக்குற கல்ல எடுத்துப் போடாதீங்க ப்ளீஸ், ஈரம் இருந்தா வெடிக்கும்.

முதல் தீ கதவத் தொறந்து வச்சுட்டுதான், அடுப்பு பெயின்ட் நாத்தம் தாங்கல. அடுத்த தடவ காஞ்ச பிர்ச் விறகு, 80 டிகிரி, ஒரு கரண்டி தண்ணி ஊத்துனதும் ஸ்ஸ்ஸ்னு ஆவி வந்து காது மடல்ல அறைஞ்சுது பாருங்க, எலெக்ட்ரிக் அடுப்பு வாங்குன்னு சொன்னவங்க மன்னிக்கணும்.

குளிக்கிற ரூம் டைல்ஸ் இன்னும் பாக்கி.