மறு: ‘சவாலான நடத்தை’, ‘நேர்மறை நடத்தை ஆதரவு’ சரிதானா?

வணக்கம்.

பராமரிப்பாளர் கையேட்டுக்காக அக்கா நம் குழுவுக்கு அனுப்பிய கலைச்சொல் பட்டியலில் இரண்டை மட்டும் என்னால் ஏற்கமுடியவில்லை: கடிப்பது, தலையில் அடித்துக்கொள்வது, ரகளை செய்வது போன்றவற்றைக் குறிக்கும் challenging behaviour என்பதற்குச் ‘சவாலான நடத்தை’, அவற்றைக் கையாளும் positive behaviour support என்ற முறைக்கு ‘நேர்மறை நடத்தை ஆதரவு’.

நம் வீடுகளில் நடத்தை என்றாலே ஒழுக்கம்தான். ‘பையன் நடத்தை சரியில்லையாம்’ என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், பெண் கொடுக்க யோசிப்பார்கள். அதோடு சவாலும் சேர்ந்தால் இன்னும் மோசம், சவால் என்பது வேண்டுமென்றே விடுவது. மதியிறுக்கம் (ஆட்டிசம்) உள்ள பிள்ளை பெற்ற தாய்க்கா சவால் விடுகிறது? 1980களில் பிரிட்டனில் இந்த ஆங்கிலச் சொல் பரவியதே குறை அந்த மனிதரிடம் இருக்கிறது என்ற எண்ணத்தை மாற்றத்தான். சவால் சேவை தருபவர்களுக்கு, ஏற்பாட்டைத் திருத்தவேண்டியது அவர்கள். தமிழில் அப்படியே பெயர்த்தால் பழி மறுபடி பிள்ளையின் தலையில் விழுகிறது. ‘நடத்தைக் கோளாறு’ அறவே கூடாது, அது conduct disorder என்ற வேறொரு நிலைக்கான மருத்துவப் பெயர்.

சிங்கப்பூர் தோ பாயோவில் எனக்குத் தெரிந்த குடும்பம். வளர்ந்த மகன், பேச்சு வராது. சாயங்காலமானால் மணிக்கட்டைக் கடித்துக்கொள்வான், தோல் தடித்துக் காய்த்துப்போயிருந்தது. பிடிவாதம் என்று அப்பா திட்டுவார். அப்புறம் பணிப்பெண் ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுத ஆரம்பித்தார்: முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், உடனே என்ன ஆனது. பக்கத்துக்குப் பக்கம் முதல் கட்டத்தில் குக்கர் விசில், கடைசிக் கட்டத்தில் அம்மா ஓடிப்போய் அடுப்பை அணைத்தது. கடித்தால் சத்தம் நிற்கும் என்று கற்றுக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான். காதைத் தொட்டுக் காட்டப் பழக்கினார்கள், காட்டியதும் அடுப்பு அணையும். பருப்பை அவன் வெளியே போயிருக்கும்போதே வேகவைத்துவிடுகிறார்கள். கடிப்பது அடியோடு நிற்கவில்லை, ஆனால் வெகுவாகக் குறைந்திருக்கிறது.

எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் இருவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டியது. பாடம் கடினமானால் ரகளை செய்த பிள்ளைக்கு ‘எனக்குப் புரியவில்லை’ என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். சொன்னதும் உதவி கிடைத்தது, ரகளை குறைந்தது.

அதனால் ‘சவாலான நடத்தை’க்குப் பதில் என் பரிந்துரை ‘உணர்த்துசெயல்’. ஊறுகாய், சுடுசோறு மாதிரி வினைத்தொகை, வாயிலும் நன்றாக நிற்கிறது. இதைப் படிக்கும் தாய்க்கு ‘எதை உணர்த்துகிறான்?’ என்ற கேள்வி தானாக வரும், அந்தக் கேள்வி வந்தாலே பாதி வேலை முடிந்தது. திடீரென்று தலையில் அடித்துக்கொள்கிறவருக்குப் பல்வலியோ காதுவலியோ மலச்சிக்கலோ இருக்கலாம், அதை முதலில் பார்க்கவேண்டும் என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போடச் சொல்வேன்.

அடுத்தது ‘நேர்மறை நடத்தை ஆதரவு’. ஆதரவு என்றதும் அந்தச் செயலையே ஆதரிப்பதுபோல் கேட்கிறது. அதற்குப் பதிலாகக் குழுவில் அண்ணன் சொன்ன ‘நன்னடத்தை ஆதரவு’ எனக்குப் பயமாகவே இருக்கிறது, இங்கே சிங்கப்பூரில் நன்னடத்தைக் கண்காணிப்பு என்றால் குற்றம் செய்தவருக்கு நீதிமன்றம் விதிப்பது. ‘இணக்கம்’ என்று தொடங்கும் எதுவும் வேண்டாம், சொன்னபடி கேட்கவைப்பது நம் நோக்கம் இல்லை. தண்டிக்காமல் சூழலை மாற்றுவதும், அதே தேவையைச் சொல்ல எளிதான வழியைக் கற்றுக்கொடுப்பதும்தான் இந்த முறை, எனவே ‘ஆக்கவழித் துணை’. துணை என்றால் கூட நிற்பது என்று எல்லாருக்கும் தெரியும்.

நோட்டின் கட்டங்களுக்கு முன்நிகழ்வு, செயல், பின்நிகழ்வு போதும். ‘பின்விளைவு’ என்று எழுதினால் ‘பின்விளைவைச் சந்திப்பாய்’ என்கிற மிரட்டல்தான் நினைவுக்கு வரும்.

ஒரு இடத்தில் மட்டும் உங்கள் கருத்து தேவை. முதுமை மறதி உள்ள பாட்டி தாதிமை இல்லத்தில் பொழுது சாய்ந்ததும் ‘வீட்டுக்குப் போகணும்’ என்று கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார். அதையும் உணர்த்துசெயல் என்றே சொல்லலாம் என்பது என் எண்ணம். அங்கே வேலை செய்கிறவர்கள் இந்தச் சொல்லைக் குடும்பத்தாரிடம் பேச்சில் பயன்படுத்திப் பார்த்து, முகம் சுளித்தார்களா என்று எழுதுங்கள். அதற்குப் பிறகே அச்சுக்கு அனுப்புவோம்.