நடுத்தர நகரத்துக்குக் குடிவந்து ஏழு மாதம்: மையத்துக்கு வீடு மாறலாமா?

வணக்கம். பெருநகரத்திலிருந்து சுமார் நான்கு லட்சம் பேர் வாழும் நகரத்துக்கு மாற்றலாகி வந்து ஏழு மாதம் ஆகிறது. வேலையில் குறையில்லை, வீடும் விசாலம். ஆனால் மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறோம்.

காரணம் பஸ். வீடு நகரின் விளிம்பில் இருக்கிறது. வழித்தட வரைபடத்தில் கோடு இருப்பதைப் பார்த்து நம்பி வந்தேன்; எத்தனை நிமிடத்துக்கு ஒரு பஸ் என்பதை அந்தக் கோடு சொல்லவில்லை. பகலில் 40 நிமிடத்துக்கு ஒன்று. கடைசி பஸ் இரவு 8 மணிக்கு. நடுவில் ஒருமுறை மாற வேண்டும். முதல் பஸ் ஐந்து நிமிடம் தாமதமானாலே அடுத்தது கைநழுவிப் போகிறது.

நூலகம், நீச்சல் குளம், இசை வகுப்பு எல்லாம் மையத்தில்தான். மகளுக்கு வயது 11. இங்குள்ள பிள்ளைகள் மழலை வகுப்பிலிருந்தே ஒன்றாக வளர்ந்தவர்கள். அவளுக்கு இன்னும் ஒரு தோழிகூட அமையவில்லை. அதுதான் என்னை வதைக்கிறது.

சைக்கிள் வாங்கினோம், நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும் என்பதால் அவளைத் தனியே அனுப்பப் பயமாக இருக்கிறது. பக்கத்து வீட்டாருடன் காரில் சேர்ந்து போகும் ஏற்பாடு மூன்று வாரத்தில் நின்றுவிட்டது. பார்வைக் குறைபாட்டால் நான் கார் ஓட்ட முடியாது.

வாடகை ஒப்பந்தம் இரண்டு மாதத்தில் முடிகிறது. இதே வாடகைக்கு மையத்தில் பாதி அளவு வீடுதான் கிடைக்கும். பள்ளி மாறாது.

விளிம்பிலிருந்து மையத்துக்குக் குடிபெயர்ந்தவர்களே, அதன் பிறகு உங்கள் பிள்ளைகளுக்கு நட்பு கூடியதா?