கையேடு எழுதுவதில் மூத்தவர் கண்ணுக்கு மட்டும் தெரிவது எது?

கேள்வி
அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் தெலுக் இந்தானில் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கு இயந்திரங்கள் செய்து கொடுக்கும் பட்டறை ஒன்றில் இரண்டு ஆண்டுகளாகக் கையேடுகள் எழுதி வருகிறேன். செம்பனைப் பழக் குலைகளை நீராவியில் வேகவைக்கும் கலனைப் பற்றி நான் எழுதிய பன்னிரண்டு பக்கங்களை, எங்கள் பிரிவின் மூத்த எழுத்தாளரான அக்கா நான்காகக் குறைத்துவிட்டார். பொறியாளர் சொன்ன எதையும் நான் விடவில்லை. மொழிப் பிழையும் இல்லை. அவர் எதைக் கண்டு வெட்டினார் என்பது எனக்கு விளங்கவில்லை.

மறுமொழி 1
தம்பி, பொறியாளர் சொன்ன எதையும் விடவில்லை என்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் 75 முதல் 90 நிமிடம் வரை குலைகளை வேகவைப்பது, எண்ணெயில் கொழுப்பு அமிலத்தைப் பெருக்கும் நொதியை அடக்கவும் பழங்கள் எளிதில் உதிரவும் என்பது பொறியாளருக்கு முதன்மையான செய்தி. இரவு வேலையில் அந்தக் கதவைத் திறக்கப் போகிறவருக்கோ, உள்ளே அழுத்தம் முழுவதும் இறங்கிவிட்டதை எதைப் பார்த்து உறுதிசெய்வது என்பதுதான் முதலில் வேண்டும். அந்த வரி உங்கள் கையேட்டில் எத்தனையாவது பக்கத்தில் இருந்தது?

நான் புதிதாக எழுதவந்த காலத்தில், "கதவைத் திறக்கவும்" என்ற வரிக்குக் கீழே எச்சரிக்கையை வைத்தேன். ஆலையில் ஒருவர் என் தாளை வரி வரியாகப் படித்துக்கொண்டே கைப்பிடியைப் பிடித்ததை நேரில் கண்டேன். கலன் அன்று வெறுமையாக இருந்தது. அதன்பின், வேலை நடப்பதை ஒருமுறையேனும் அருகில் நின்று பார்க்காமல் நான் எழுதியதில்லை.

மறுமொழி 2
மேலே ஐயா சொன்னதை ஏற்கிறேன்; ஆனால் குறைத்து எழுதுவதே அனுபவம் என்று எண்ணிவிட வேண்டாம். விமானத் துறைக்காக உருவான ஏஎஸ்டி-எஸ்டிஇ 100 என்னும் எளிய ஆங்கில விதித்தொகுப்பு, செயல்முறை வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக்கூடாது என்கிறது. புதியவர் சொற்களை எண்ணுவார். மூத்தவரோ இரண்டாம் பக்கத்தில் "வால்வு" என்றும் ஐந்தாம் பக்கத்தில் "அடைப்பான்" என்றும் எழுதினால், வங்காளதேசத்திலிருந்தோ நேபாளத்திலிருந்தோ வந்த தொழிலாளி அவற்றை இரண்டு பாகங்களாக எண்ணுவாரே என்று அஞ்சுவார். தேவையான இடத்தில் அவர் ஒரு படத்தைச் சேர்க்கவும் தயங்கமாட்டார், பக்கம் கூடினாலும்.

கேள்வி கேட்டவர்
நன்றி ஐயா. பழைய படியை எடுத்துப் பார்த்தேன். அழுத்தமானியைப் பற்றிய வரி ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. அக்கா அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்து, அழுத்தமானியின் முள் சுழியத்தில் நிற்கும் படத்தையும் சேர்த்திருக்கிறார். அடுத்த வாரம் இரவு வேலையின்போது ஆலைக்குச் செல்ல அனுமதி கேட்டிருக்கிறேன்.