பரளிக்காட்டுப் பரிசலில் பார்த்தது

அமராவதி அணையில் படகில் போய் முதலை பார்த்ததை ஒரு அக்கா எழுதியிருக்காங்க. படித்ததும் எனக்குப் பரளிக்காடு ஞாபகம் வந்துவிட்டது. காரமடையிலிருந்து வெள்ளியங்காடு தாண்டி மலையேறினால் பில்லூர் அணைத் தண்ணீரின் ஓரத்தில் இருக்கிறது. வனத்துறையில் முன்பதிவு செய்துவிட்டுப் போகவேண்டும், பரிசல் தள்ளுவதும் மத்தியானச் சாப்பாடு ஆக்கிப் போடுவதும் அங்கத்த பழங்குடி மக்கள்தான்.

ஏறினதும் எல்லோரும் ஒரே பேச்சு. பரிசல்காரர் ஒன்றும் சொல்லவில்லை, துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார், பரிசல் தன்பாட்டுக்கு மெல்லச் சுற்றிக்கொண்டே நகர ஆரம்பித்ததும் பேச்சு தானாக அடங்கிவிட்டது. அப்போதுதான் பத்தடி தள்ளித் தண்ணீருக்கு மேலே ஒரு கழுத்து மட்டும் எழும்பியது. பாம்புதான் என்று நினைத்து என் மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். பாம்பில்லை, பாம்புத்தாரா என்கிற நீர்ப்பறவை! அலகில் ஒரு கெண்டைக் குஞ்சு குத்துப்பட்டுத் துடிக்கிறது, ஒரு உதறு உதறி மேலே எறிந்து, தலைப்பக்கமாகக் கவ்வி விழுங்கிவிட்டது. அந்த ஒல்லிக் கழுத்தில் மீன் இறங்குவது புடைப்பாகத் தெரிந்தது. அப்புறம் பட்டமரத்தில் ஏறி இறக்கையை விரித்துக் காயவைத்தது. அதன் இறகு தண்ணீரைக் குடித்துவிடும், அதனால்தான் உடம்பு முங்கி நீந்துகிறது.

திரும்பும்போது பரிசல்காரர், "வாசம் அடிக்குதுங்க, அக்கரையில நிக்குது" என்றார். எனக்கு ஒரு வாசமும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் மூங்கில் விலகி ஒரு தாய் யானையும் குட்டியும் தண்ணிக்கு இறங்கின. தாய் தும்பிக்கையால் குடிக்க, குட்டி முன்னங்காலை மடக்கி வாயை வைத்தே உறிஞ்சியது, தும்பிக்கை அதற்கு இன்னும் பழகவில்லை. கிட்டே போகலாமா என்று பின்னால் ஒருவர் கேட்டார். வேண்டாங்க, குட்டி இருக்குது என்று இந்தப் பக்கமே பரிசலை நிறுத்திவிட்டார். அந்த மனுசர் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை.

---

அண்ணா, நீங்க எழுதின பரளிக்காட்டுப் பரிசல் கதையைப் படித்தேன். எங்கப்பா பவானிசாகர் அணையில் பரிசல் போட்டு மீன் பிடித்தவர். சின்ன வயதில் கூடப் போவேன். பனிக்காலத்தில் விராலடிப்பான் என்கிற மீன்பிடிக் கழுகு வரும், கால்களை முன்னால் நீட்டித் தண்ணீரில் விழுந்து மீனோடு எழும். தூக்கிப் போகும்போது மீனின் தலையை முன்பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொள்ளும், காத்து எதிர்க்காது. வலையை இழுத்துக்கொண்டிருந்த அப்பா அதைப் பார்த்ததும் கையை நிறுத்திவிடுவார், அது மரத்துக்குப் போய்ச் சேருகிறவரைக்கும் இழுக்கமாட்டார்.