ஆறு மணிக்கு எழும்பியும் எடிட் தொடங்குதில்லை: வீட்டில இருந்து வீடியோ செய்யிற ஆக்கள் நாளை எப்பிடிப் பிரிக்கிறியள்?

துணுக்காய்த் தோட்டம் கேட்டது:

வீட்டுத்தோட்டமும் சமையலும் போடுற சனல். யூடியூப் விளம்பரக் காசு வரத் தொடங்கி ஒரு வருசம். கிழமைக்கு ரண்டு, 12 நிமிச வீடியோ எண்டுதான் தொடங்கினது. இப்ப மூண்டு கிழமைக்கு ஒண்டு. எடுத்த கிளிப்புகள் 40 ஜீபிக்கு மேல போனில கிடக்கு, எடிட்டுக்கு இருக்க மனம் வருதில்லை.

நேரம் இல்லை எண்டு சொல்லேலாது, நாள் முழுக்க வீட்டிலதான். விடிய ஆறுக்கு எழும்பினாலும் சனலின்ர கணக்குக் காட்டுற யூடியூப் ஸ்ரூடியோ அப் பார்த்து, கொமெண்டுக்குப் பதில் எழுதி, "ஐடியாவுக்கு" ரண்டு பேற்ற வீடியோ பார்க்கப் பத்து மணியாகீடும். பிறகு தகரக் கூரைக்குக் கீழ இருக்கேலாத வெக்கை. பின்னேரம் ஆரும் ஒரு அலுவல் சொல்லுவினம், "நீ வீட்டில சும்மாதானே" எண்டு. இரவு களைப்பு.

தயவுசெய்து மோட்டிவேஷன் பேச்சு லிங்க் போடாதேங்கோ. எந்த வேலைக்கு எவ்வளவு நேரம், நாளை எப்பிடிப் பிரிக்கிறது, செத்தவீடு, நெல்லு அருவிவெட்டு எண்டு வந்தா என்ன செய்யிறது? எடிட்டுக்கு 8 ஜீபி ரம் லப்டொப், டாவின்சி ரிசோல்வ்.

வாய்க்கால்கரை:

தங்கச்சி, முதல் ஒரு கணக்குப் பார்ப்பம். 12 நிமிசத் தோட்ட வீடியோ ஒண்டுக்கு, என்ன சொல்லப்போறம் எண்டு எழுத 1 மணித்தியாலம், எடுக்க இரண்டரை, கிளிப்பை லப்டொப்புக்கு மாத்திப் பெயர் போட அரை, முதல் வெட்டு 2, இரண்டாம் வெட்டும் சத்தமும் 2, தம்ப்நெயிலும் (வீடியோவின்ர முகப்புப் படம்) தலைப்பும் 1. கூட்டினா 9. கிழமைக்கு ரண்டு வீடியோ எண்டாலும் 18 மணித்தியாலம், ஆறு நாளுக்குப் பிரிச்சா நாளைக்கு 3. உங்களுக்குத் தேவை அந்த 3 மணித்தியாலம்தான். மிச்ச நேரமெல்லாம் லப்டொப்புக்கு முன்னால குற்ற உணர்ச்சியோட இருக்கிறதில ஒரு பிரயோசனமும் இல்லை, களைப்பு மட்டும் மிஞ்சும்.

அந்த மூண்டு எது எண்டு மணிக்கூட்டைப் பார்த்துத் தீர்மானிச்சா வன்னியில சரிவராது. வெளிச்சம், கூரை, சத்தம் மூண்டையும் பார்க்கோணும்.

எடுக்கிறது விடிய 6.15 முதல் 8.45 வரை. அதுக்குப் பிறகு நிழல் கறுத்து முகம் கெட்டுப்போம். மத்தியான வெயிலில போன் சூடேறித் திரை மங்கும், சிலநேரம் ரெக்கோர்டிங்கே நிண்டுபோம். கச்சான் காத்து அடிக்கிற மாதங்களில பொழுது ஏற ஏறக் காத்தும் ஏறும். மைக்குக்கு மயிர்த் துணி உறை போட்டாலும் பத்து மணிக்குப் பிறகு தோட்டத்தில பேச்சு எடுக்காதேங்கோ.

11 முதல் 3 வரை ஒண்டும் எடுக்கவும் வேண்டாம், எடிட்டும் வேண்டாம். தகரம் சூட்டில விரிஞ்சு டிக் டிக் எண்டு வெடிக்கிறதை கொலர் மைக் வடிவாப் பிடிக்கும். லப்டொப்பும் சூட்டில வேகத்தைக் குறைச்சுக்கொள்ளும். அந்த நேரம் கொப்பியும் பேனையும்: அடுத்த வீடியோவின்ர வசனம், தலைப்புக்கு அஞ்சாறு மாற்று. இல்லாட்டி நித்திரை. நித்திரையையும் அட்டவணையில எழுதுங்கோ, பிறகு அதுக்காக உங்களை நீங்களே பேசத் தேவையில்லை.

பின்னணிக் குரல் இரவு 9 மணிக்குப் பிறகு. ஃபானை நிப்பாட்டி, மெத்தையைச் சுவரோட சாத்தி வைச்சு, அதுக்கு முன்னால இருந்து பேசுங்கோ. மாரியில தகரத்தில மழை விழத் தொடங்கினா அண்டைக்குக் குரல் வேலை முடிஞ்சுது, அதால ஐப்பசிக்கு முதலே கொஞ்சம் பேசி வைக்கோணும்.

எடிட் விடிய 4.30 முதல் 6.30 வரை. வீடு எழும்பாத நேரம், ஆரும் அலுவல் சொல்லமாட்டினம். எடுக்கிற நாளில எடிட் வேண்டாம். காலமை பேசின பேச்சை அண்டைக்கே கேட்டா எல்லாம் பிழையாத்தான் தெரியும். ரண்டு நாள் கழிச்சுக் கேட்டா அரைவாசி நல்லாயிருக்கும்.

இனி அந்த 40 ஜீபி. அதை முழுக்க முடிக்கோணும் எண்ட நினைப்புத்தான் உங்களை மேசைக்குக் கிட்டப் போக விடுதில்லை. ஒரே ஒரு நாள், அலாரம் வைச்சு 90 நிமிசம். மூண்டு ஃபோல்டர்: இந்தக் கிழமை, கையிருப்பு, குப்பை. வெட்டாதேங்கோ, பிரிக்க மட்டும் செய்யுங்கோ. அலாரம் அடிக்கேக்க பிரிபடாமல் கிடக்கிறது எல்லாம் குப்பைக்கு.

8 ஜீபி ரம்மில போன் வீடியோவை நேரடியா வெட்டினா ஒவ்வொரு வெட்டுக்கும் படம் திக்கும். ரிசோல்விலேயே ப்ரொக்ஸி, அதாவது வெட்டுறதுக்கு மட்டும் பாவிக்கிற சின்ன நகல், செய்யலாம், கால்வாசி அளவில. இரவு படுக்கேக்க ஓடவிட்டா விடிய தயாராயிருக்கும். படம் திக்கித் திக்கி ஓடினா ஆருக்கும் அலுப்பு வரும், அதைத் தன்ர சோம்பல் எண்டு நினைக்கிற ஆக்கள் கனபேர். முதல் மெசினைச் சரியாக்குங்கோ, மனசை அதுக்குப் பிறகு பார்க்கலாம்.

கடைசியா ஒண்டு. நிப்பாட்டேக்க ஒரு வேலையை முடிச்சுட்டு எழும்பாதேங்கோ, இடையில நிப்பாட்டுங்கோ. துண்டுக் கடதாசியில அடுத்த வேலையை எழுதி கீபோர்டில ஒட்டுங்கோ. "3.40ல வெண்டிக்காய் விதை ஊறுற ஷொட், பிறகு தண்ணி சத்தத்தைக் குறை." விடிய வந்து இருந்த உடன கை தானாத் தொடங்கும். "எடிட் பண்ணு" எண்டு எழுதினா மூளை எங்க தொடங்கிறது எண்டு யோசிச்சே போனைத் தேடும்.

கச்சான் காத்து:

மேல சொன்னதெல்லாம் சரி, ஆனா கிழமைக்கு ரண்டு எதுக்கு? ஒண்டாக்குங்கோ. இடைவெளி விட்டா அல்கோரிதம் தண்டிக்கும் எண்டிறது ஊர்க்கதை, அப்பிடி இல்லை எண்டு யூடியூப்பே சொல்லியிருக்கு. எல்லை ஒண்டுதான்: ஆறு மாதத்துக்கு மேல வீடியோவோ கொமியூனிட்டிப் பதிவோ போடாம விட்டா மொனிற்றைசேஷனை (விளம்பரக் காசு வாற வசதி) யூடியூப் பறிக்கலாம். உங்களுக்கு அது கிட்டவும் இல்லை.

ஸ்ரூடியோ அப்பை போனில இருந்து இண்டைக்கே அழிச்சு விடுங்கோ. திறந்த உடன முன்னுக்கு நிக்கிறது அந்த "10ல் 8" அட்டை, கடைசிப் பத்து வீடியோவில இது எத்தனையாவது எண்டு. விடிய எழும்பின உடன அதைப் பார்த்தா அண்டைய வேலை போச்சு. விரிவான கணக்கு நிரம்பவும் ரண்டு நாள் மட்டில செல்லும், போட்டு மூண்டு மணித்தியாலத்தில பார்த்து ஒண்டும் விளங்காது. சனிக்கிழமை லப்டொப்பில ஒருக்கா, அதுவும் ரண்டே ரண்டு விசயம்: தம்ப்நெயிலைப் பார்த்தவையில எத்தனை வீதம் அமத்தினவை, முதல் 30 செக்கனில எத்தனை வீதம் நிக்கினம். கொமெண்டுக்கு மத்தியானம் 20 நிமிசம் போதும்.

ஏ9 பயணி:

பழக்கம் எண்ட விசயத்தில 21 நாள் கதையை நம்பி ஏமாறாதேங்கோ. லண்டன் யுனிவர்சிட்டி கொலிஜில் பிலிப்பா லாலியும் கூட்டாளிகளும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில் (2010ல் அச்சில் வந்தது) ஒரு சின்னப் பழக்கம் தானாக நடக்கத் தொடங்க நடுவான கணக்கு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. ஒரு நாள் தவறினால் பெரிதாக ஒன்றும் குலையவில்லை என்பதும் அதே ஆய்வில் உள்ளது. அதனால் "ஒரு நாள் விட்டிட்டன், இனி அடுத்த மாதம் முதலாம் திகதியில் இருந்து" என்பதை விடுங்கோ.

பழக்கமாக்க வேண்டியது இரண்டு மணித்தியால எடிட்டை அல்ல, அது எந்த நாளும் பழக்கமாகாது. ஏற்கெனவே நடக்கிற ஒன்றோடு முதல் அசைவை மட்டும் கட்டுங்கோ: தேத்தண்ணிக்குக் கேத்தில் வைச்ச உடன் லப்டொப்பைத் திறந்து புரொஜெக்டை ஓப்பன் பண்ணுறது. கேத்தில் கொதிக்க முதல் அது திறந்திருக்கும். போன் அந்த நேரம் அடுத்த அறையில் சார்ஜில்.

துணுக்காய்த் தோட்டம்:

எல்லாருக்கும் நன்றி. ப்ரொக்ஸி எண்டு ஒண்டு இருக்கிறதே தெரியாது. ஆனா செத்தவீடு, திருவிழா, வயல் வேலைக்கு ஒருத்தரும் பதில் சொல்லேல்லை. மாசி பங்குனியில அருவிவெட்டு எண்டா ஒரு கிழமை வீட்டில ஆரும் இருக்கமாட்டினம், சமையல் முழுக்க என்னில. வைகாசியில வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல். ஊரில ஒரு செத்தவீடு எண்டா எட்டாம் நாள் வரைக்கும் போய்வரத்தான் வேணும்.

வாய்க்கால்கரை:

அதுக்குக் கையிருப்பு. நெல்லு வைக்கிற மாதிரி வீடியோவையும் வைக்கோணும், கிழமைக்கு ஒண்டு போடுற ஆளுக்கு மூண்டு. அதில ரண்டு காலத்தோட சம்பந்தப்படாதது: உறைப்பு மிளகாய்க்கு நாத்துமேடை, பயித்தங்காய்க்குப் பந்தல் கட்டுறது, ஒடியல் மாக் கூழ் மாதிரி. முடிச்சு, ஏத்தி, பிரைவேட்டில கிடக்கட்டும். செத்தவீட்டுக் கிழமை போனால ஒரு திகதி மட்டும் போட்டாச் சரி.

மூண்டைச் சேர்க்கிறது எப்பிடி? மாதம் ஒரு கிழமை மட்டும் ரண்டு செய்யுங்கோ. மூண்டு மாதத்தில நிரம்பும். அருவிவெட்டும் பொங்கலும் திகதி தெரிஞ்ச வேலை, அதுக்கு இப்பவே கலண்டரில பூச்சியம் எண்டு எழுதுங்கோ. அட்டவணையில பூச்சியம் எண்டு எழுதி வைச்ச கிழமைக்கும், ஒண்டு எண்டு எழுதிட்டு நடக்காத கிழமைக்கும் மனசுக்குள்ள கன வித்தியாசம். அருவிவெட்டுக் கிழமை எடிட்டுக்கு இருக்கேலாது, ஆனா வயலுக்குச் சோறு கட்டுறதையே நாளைக்கு 10 நிமிசம் எடுத்து வைக்கலாமே.

தோட்டத்துக்கு இன்னொண்டு. பாத்திக்குப் பக்கத்தில ட்ரைபொட் கால் நிக்கிற மூண்டு இடத்திலயும் கட்டை அடிச்சு விடுங்கோ. தண்ணி விடப் போகேக்க ஒவ்வொரு நாளும் அதே இடத்தில 10 செக்கன். முளை வெடிக்கிறது திரும்ப வராது, எடிட்டில அந்த ஷொட் இல்லாமத்தான் கனபேர் பாதியில விடுறது.

திருவிழா நாளில எடுத்தா ஒரு கவனம்: கோயில் லவுட்ஸ்பீக்கர் சினிமாப் பாட்டு பின்னுக்குக் கேட்டா கொன்டென்ட் ஐடி (பாட்டு ஆற்ற எண்டு கண்டுபிடிக்கிற யூடியூப் முறை) பிடிக்கும், அந்த வீடியோவின்ர காசு பாட்டுக்காரருக்குப் போகும். பாட்டு நேரம் பேச்சு எடுக்காம கை வேலை மட்டும் எடுத்து, சத்தத்தை வெட்டிட்டுக் குரல் போடுங்கோ.

கணக்குக் கொப்பி:

"நீ வீட்டில சும்மாதானே" என்பதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. அதற்கு விளக்கம் சொல்லி வெல்ல முடியாது, சம்பளத்தால்தான் வெல்லலாம்.

ஒரு மாத வருமானம் அடுத்த மாதம் 7க்கும் 12க்கும் இடையில் அட்சென்சில் (யூடியூப் காசு வருகிற கூகிள் கணக்கு) உறுதியாகும். 100 டொலர் தாண்டியிருந்தால் 21க்கும் 26க்கும் இடையில் அனுப்புவார்கள், குறைந்தால் அடுத்த மாதத்தோடு சேரும். மார்கழியில் விளம்பர விலை ஏறி தையில் விழும். வந்ததை வந்தபடி செலவழிக்கிறவர் மார்கழியில் மைக் வாங்கி, தையில் மனம் விட்டுப்போய் இருப்பார். மனம் விட்டதற்கு அரைவாசிக் காரணம் அந்த ஏற்ற இறக்கம்.

கடந்த 12 மாதத்தில் ஆகக் குறைந்த மூன்று மாதத்தை எடுங்கோ. உதாரணத்துக்கு 38,000, 41,000, 44,000 ரூபாய். சராசரி 41,000. அதுதான் உங்கள் சம்பளம், ஒரு சதமும் கூட இல்லை. மாதம் 28ஆம் திகதி வேறு கணக்குக்கு மாற்றி, அதில் வீட்டுக்கென்று ஒரு தொகையை அன்றைக்கே கையில் குடுங்கோ. மிச்சம் முதல் கணக்கில் 1,23,000 சேரும் வரை, அதாவது மூன்று மாதச் சம்பளம், கமரா பக்கம் பார்க்கவே வேண்டாம். "நல்ல கமரா வந்தால் தொடங்குவன்" என்பது வேலையைத் தள்ளிப்போடுறதில் ஆக மரியாதையான வழி.

28ஆம் திகதிக் காசு மூன்று தரம் கைக்கு வந்த வீட்டில், விடிய 6.15க்கு ட்ரைபொட் நிக்கும்போது சங்கக் கடைக்குப் போகச் சொல்ல மாட்டினம்.

துணுக்காய்த் தோட்டம்:

விளங்குது. ஆகக் குறைஞ்ச மூண்டு மாதத்தைப் பார்த்தா 41 வராது, ஆனா ஒரு கணக்கு வரும். வீடியோவை யூடியூப்பில ஏத்திறதுதான் மிச்சக் கரைச்சல். வெளிநாட்டு ஆக்களுக்கு எண்டு இரவு முழிச்சிருந்து போடுறது, விடிய 4.30க்கு எப்பிடி எழும்புறது?

ஏ9 பயணி:

முழிக்கத் தேவையில்லை. 1080p வீடியோவுக்கு யூடியூப் சொல்லுறது 8 எம்பிபிஎஸ் (செக்கனுக்கு 8 மெகாபிற், அதாவது 1 எம்பி). 12 நிமிசத்துக்கு ஏறக்குறைய 720 எம்பி. ஏத்துற வேகம் 4 எம்பிபிஎஸ் என்றால் 24 நிமிசம். நெட்வேர்க் வடிவா இருக்கிற நேரம் பகலில் ஏத்தி, ஷெட்யூலில் இரவு 9.30 போட்டுட்டுப் படுங்கோ. அப்ப ரொறன்ரோவில் மத்தியானம் 12, லண்டனில் பின்னேரம் 5.

கச்சான் காத்து:

அது கோடைக்குத்தான், அண்ணை. ஐப்பசி கடைசி ஞாயிறு லண்டன் மணிக்கூட்டைப் பின்னால தள்ளுவினம், கார்த்திகை முதல் ஞாயிறு ரொறன்ரோக்காரர். எங்கட மணி மாறாது. அதுக்குப் பிறகு ரொறன்ரோ மத்தியானம் வேணுமெண்டா 10.30 எண்டு போடுங்கோ, பங்குனி ரண்டாவது ஞாயிறோட திரும்ப 9.30. ஷெட்யூலில ஏற்கெனவே திகதி போட்டுக் கிடக்கிற கையிருப்பையும் மாத்த மறந்துபோகாதேங்கோ.