மறு: பேலன்ஸ்டு ஹெட்போன் கேபிள் – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

ஹெட்போனின் ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாக இரண்டு கம்பி போகும் கேபிளைத்தான் கடையில் பேலன்ஸ்டு என்கிறார்கள். அதற்குத் தமிழ்ப் பெயர் தேடி நம் குழுவில் எல்லோரும் எழுதிய மடல்களை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். சமநிலை வடம், சமன்வடம், சமச்சீர் வடம், நடுநிலை வடம் என்று நான்கு பெயர் வந்தாயிற்று. நான்கும் பேலன்ஸ்டு என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்த்து வைத்த பெயர்கள். எனக்கு அந்த ஆங்கிலப் பெயர் மேலேயே சந்தேகம். அந்தச் சந்தேகத்துக்கு 900 ரூபாய் செலவு செய்திருக்கிறேன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் இங்கே பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் ஹெட்போனுக்கு மாற்று கேபிள் கேட்டேன். நான் கன்னடத்தில் தடுமாறுவதைப் பார்த்து, தர்மபுரிப் பக்கத்துப் பையன் ஒருவன் தமிழுக்கு வந்துவிட்டான். "இதைப் போடுங்கண்ணா, பேலன்ஸ்டு, சவுண்டு டபுள்" என்று 4.4 மி.மீ. முனை வைத்த கேபிளை எடுத்துக் கொடுத்தான். என் ஆம்பில் (ஹெட்போனுக்கான பெருக்கியில்) 3.5 மி.மீ. துளை மட்டும்தான் என்றதும் அதற்கும் ஓர் அடாப்டரைத் தலையில் கட்டினான். அல்சூருக்கு வந்து மாட்டிக் கேட்டால் பழைய சத்தம் அப்படியே இருக்கிறது. பையன் பொய் சொன்னான் என்று நான் நினைக்கவில்லை. பெயர் அப்படி நினைக்க வைக்கிறது.

மச்சானிடம் இரண்டு துளையும் உள்ள ஆம்ப் இருந்தது. இரவல் வாங்கிவந்து, சாப்பாட்டு மேசையில் மல்டிமீட்டரோடு உட்கார்ந்தேன். ஃபோனில் 50 ஹெர்ட்ஸ் சைன் அலையை ஓட்டினேன் (மலிவு மீட்டர்கள் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணுக்குப் பக்கத்தில்தான் ஒழுங்காகக் காட்டும்). வால்யூம் குமிழைத் தொடாமல் அளந்தேன். 3.5 துளையில் இடது காதுக்கு 0.98 வோல்ட். 4.4 துளையில் அதே இடது காதுக்கு 1.95. சரி, இரட்டிப்பு உண்மைதான். அப்புறம் அந்த 4.4 முனையை உற்றுப் பார்த்தால் ஐந்து தொடுபகுதிகள் இருக்கின்றன: இடதுக்கு இரண்டு, வலதுக்கு இரண்டு, கடைசியில் எர்த். இடதின் ஒரு முனைக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்தேன், 0.97. மறுமுனைக்கும் எர்த்துக்கும் நடுவே, 0.98. அதாவது உள்ளே இருப்பவை தனித்தனி இரண்டு பெருக்கிகள். ஒன்று மேலே போகும்போது மற்றது அதே அளவு கீழே போகிறது, நடுவில் மாட்டிய ஹெட்போனுக்கு இரண்டின் வித்தியாசம் கிடைக்கிறது. கடைசியாகப் புதுக் கேபிளை அடாப்டரோடு 3.5 துளையில் செருகினேன். மறுபடியும் 0.98.

ஆக சத்தம் கூடுவது பெருக்கியால். கேபிளுக்கு அதில் பங்கே இல்லை. ஒரே பெயரை இரண்டுக்கும் வைத்ததால் வந்த வினை இது.

> ஏற்கெனவே மைக் வடத்துக்குச் சமநிலை என்று போட்டாயிற்றே, அதையே இதற்கும் வைத்தால் என்ன?

திருச்சி சார் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் கல்யாண மண்டபத்து மைக் வடத்தில் நடப்பது வேறு. அங்கே சில மில்லிவோல்ட் சிக்னல், 30 மீட்டர் ஒயர், பக்கத்திலேயே சீரியல் லைட்டுக்குப் போகும் மின்கம்பி. மைக் வடத்தின் எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று ஊசி முனையில் இரண்டாம், மூன்றாம் ஊசிகள் இரண்டும் எர்த்தைப் பொறுத்து ஒரே மின்னெதிர்ப்பில் (இம்பீடன்ஸ்) இருப்பதால் இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறுகிறது. மறுமுனையில் வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் இரைச்சல் அடிபட்டுப் போகிறது. சமம் என்பது அங்கே மின்னெதிர்ப்பைப் பற்றியது, சிக்னல் கண்ணாடிப் பிம்பமாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. அதற்குச் சமநிலை வடம் என்ற பெயர் அருமை, அதைத் தொடவேண்டாம். ஹெட்போனிலோ ஒரு சுருளும் அதன் இரண்டு முனைகளும்தான். அந்தச் சுருளுக்கு எர்த்தோடு தொடர்பே இல்லாதபோது எதை எதனோடு சமன் செய்வது?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தமிழ் வழியில் பிளஸ் டூ படித்தவர்களுக்கு மின்தடையை அளக்கும் வீட்ஸ்டோன் சமனச்சுற்று நினைவிருக்கும். ஆங்கிலத்தில் அது பிரிட்ஜ். நம் புத்தகக்காரர்கள் பாலம் என்று எழுதாமல் அது செய்யும் வேலையைப் பார்த்துச் சமனச்சுற்று என்றார்கள். இப்போது இந்த ஹெட்போன் ஆம்புக்குப் பொறியாளர்கள் சொல்லும் பெயரும் பிரிட்ஜ்தான், விற்பவர்கள்தான் பேலன்ஸ்டு ஆக்கிவிட்டார்கள். அந்தச் சுற்றின் நடுவில் மின்னோட்டத்தைக் காட்டும் கால்வனாமீட்டர் இருந்த இடத்தில் இங்கே ஹெட்போன் உட்கார்ந்திருக்கிறது. வீட்ஸ்டோன் சுற்று சமநிலைக்கு வந்தால் கால்வனாமீட்டரில் மின்னோட்டம் சுழி. அந்தக் கணக்கில் ‘சமநிலை ஹெட்போன்’ என்றால் ஒன்றுமே கேட்காத ஹெட்போன்!

நடுநிலை வேண்டவே வேண்டாம், வீட்டு வயரிங்கில் நியூட்ரலுக்கு அந்தப் பெயர் போய்விட்டது. சமச்சீரைப் பற்றி மாட்டுங்கா அக்கா எழுதியதில் பாதி சரி. இரண்டு பக்கமும் எதிரெதிராக, சமச்சீராகத்தான் ஆடுகின்றன. ஆனால் அது பெருக்கியின் குணம், ஒயரின் குணமில்லை. ‘இருமுனை’ டையோடு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். நான் முதலில் யோசித்த ‘ஈருந்து பெருக்கி’யை (இரண்டு பக்கமும் உந்துவது) என் ஃபோனே மூன்று முறை ‘இருந்து பெருக்கி’ என்று திருத்திவிட்டதால் அதையும் விட்டுவிட்டேன்.

இப்போது என் முன்மொழிவு. பாட்டி மோர் கடைந்ததைப் பார்த்திருப்பீர்கள். மத்தில் சுற்றிய கயிற்றின் இரு நுனியும் இரு கையில், ஒரு கை வரும்போது மறு கை போகும். சாதாரண ஆம்பில் ஒரு நுனியைத் தூணில் கட்டிவிட்டு ஒரே கையால் இழுக்கிறோம், தூண்தான் எர்த். ஆகவே ஒருகைப் பெருக்கி, இருகைப் பெருக்கி. உவமை முழுக்கப் பொருந்தாது, கடையும்போது ஒரு கை இழுக்க மற்றது விட்டுக்கொடுக்கிறது, இங்கே இரண்டுமே வேலை செய்கின்றன. ஒலிபெருக்கி என்று நீட்டாமல் பெருக்கி என்றே வைத்திருக்கிறேன், ஏனென்றால் ஒலிபெருக்கி என்றால் ஊரில் எல்லோருக்கும் ஸ்பீக்கர்தான்.

கேபிளுக்கு முக்கம்பி வடம், நாற்கம்பி வடம். உள்ளே இருப்பதை எண்ணி வைத்த பெயர், வேறு எந்த வாக்குறுதியும் தராது. நாற்கம்பிக்கும் ஒரு நிஜமான பயன் உண்டு. முக்கம்பியில் இரண்டு காதின் மின்னோட்டமும் ஒரே கம்பி வழியாகத் திரும்புகிறது. அந்தக் கம்பியிலும் முனையிலும் சேர்த்து 0.3 ஓம் இருந்தால் 32 ஓம் ஹெட்போனில் கிட்டத்தட்ட நூற்றில் ஒரு பங்கு மறு காதுக்குக் கசியும், ஒலியளவின் அலகான டெசிபெல்லில் சொன்னால் 40 கீழே. நாற்கம்பியில் அந்தப் பொது வழி இல்லை. அவ்வளவுதான்.

இரண்டு கை என்றால் இரண்டு மடங்கு சத்தம் என்று மறுபடியும் நினைக்க மாட்டார்களா என்று நீங்கள் கேட்கலாம்.

நினைப்பார்கள். அதனால் விளக்கக் குறிப்பில் கணக்கையும் சேர்த்துவிடலாம். சென்ஹைசர் எச்டி 600 போன்ற 300 ஓம் ஹெட்போனில் 1 வோல்ட் என்றால் 3.3 மில்லிவாட், 2 வோல்ட் என்றால் 13.3. திறன் நான்கு மடங்கு, அதாவது 6 டெசிபெல். காதுக்கு இரட்டிப்பாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல் வேண்டும். அதுவும் 300 ஓமில்தான் முழுசாகக் கிடைக்கும். 32 ஓம் ஹெட்போனை மாட்டினால் ஒவ்வொரு கைக்கும் அது 16 ஓம் பாரமாகத் தெரியும், மின்னோட்டம் போதாத சின்ன ஆம்ப் அங்கேயே மூச்சு வாங்கிவிடும். குமிழைக் கொஞ்சம் திருப்பினால் கிடைக்கும் சத்தத்துக்காக இவ்வளவும் வேண்டுமா என்பது அவரவர் பர்ஸைப் பொறுத்தது. ஒன்று மட்டும்: ஒப்பிடுகிறவர்கள் இரண்டு துளையிலும் வோல்ட்டைச் சமமாக்கிவிட்டுக் கேட்கட்டும். சத்தம் துளி கூடினாலே நல்ல ஒலி என்று காது தீர்ப்பு எழுதிவிடும்.

இந்தப் பெயர்களில் இன்னொரு வசதி. "முக்கம்பி ஹெட்போனை இருகைப் பெருக்கியின் 4.4 துளையில் அடாப்டர் போட்டுச் செருகாதே" என்று ஒரே வரியில் எச்சரிக்கலாம். முக்கம்பியில் இரண்டு காதின் திரும்பு முனைகளும் ஒன்றாகச் சேர்ந்திருப்பதால், தனித்தனியாக ஆடவேண்டிய இரண்டு கைகளையும் சேர்த்துக் கட்டியது போலாகும், ஆம்ப் கருகலாம். என்னிடம் உள்ள அடாப்டர் அதற்கு மறுதிசை, நாற்கம்பியை ஒருகைப் பெருக்கியில் மாட்டுவது, அதில் ஆபத்தில்லை. இரண்டு அடாப்டரும் கடையில் ஒரே டப்பாவில் கிடந்ததைப் பார்த்தேன், அதனால்தான் சொல்கிறேன்.

இருகைக்கும் பெருக்கிக்கும் நடுவே ஒற்று வருமா வராதா என்பதை மாட்டுங்கா அக்கா சொல்லட்டும். நான் போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அல்சூரிலிருந்து